பாங்காக்: முதல் நாளே மனம் விட்டுப்போனது. எனக்கு மட்டும்தானா?

மஞ்சள்பை (கோயம்புத்தூர்)

இங்கே பாங்காக்கைப் பற்றி வந்த இழைகளை எல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். ரொம்ப மலிவு, ரொம்ப சுலபம், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தீர்கள். எனக்கு முதல் நாளே மனம் விட்டுப்போய்விட்டது.

விடியற்காலை சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினேன். கதவைத் தாண்டியதும் ஈரச் சூடு சட்டையோடு ஒட்டிக்கொண்டது. டாக்சிக்காரரிடம் மீட்டர் போடச் சொன்னால் சிரித்துக்கொண்டே 600 பாட் என்றார், விரைவுச்சாலைக் கட்டணம் தனி. அதற்கும் ஒப்புக்கொண்டு ஏறினால் நகருக்குள் நுழைந்தபின் வண்டி நகரவே இல்லை. காவோ சான் தெருவில் ஒரு டார்மிட்டரியில் படுக்கை போட்டிருந்தேன். மதியம் 2 மணிக்குத்தான் அறைக்குள் விடுவோம் என்றார்கள். பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தால் கோட்டு தைக்கக் கூப்பிடும் ஒருவர், டுக்டுக்கில் (அந்த ஊர் ஆட்டோ) ஏறச் சொல்லும் ஒருவர், குச்சியில் குத்திய தேளைக் காட்டி, அதைப் படம் எடுத்தால் காசு கேட்கும் ஒருவர். ராத்திரி 2 மணி வரை கட்டில் அதிரும் அளவுக்குப் பாட்டு. மறுநாள் அரண்மனைக்குப் போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒரு மனிதர் ‘இன்று பூஜை, மதியம்தான் திறப்பார்கள்’ என்று மடக்கப் பார்த்தார். நம்பாமல் நடந்துபோனால் வாசல் திறந்துதான் இருந்தது. உள்ளே போக 500 பாட். நம் காசுக்கு ஆயிரத்து முந்நூறு, நானூறு ரூபாய்!

சண்டை போட எழுதவில்லை. முதல் பார்வையிலேயே இந்த ஊர் யாருக்காவது பிடித்ததா? பிடித்தது என்றால் எது? யூடியூப் பதில் வேண்டாம், உள்ளபடி சொல்லுங்கள்.

நள்ளிரவு டீ (சென்னை)

காவோ சானில் படுக்கை போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறீர்களே சகோ! அந்தத் தெருவுக்குப் போவதே விழித்திருக்கத்தான்.

எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்தது. சாயங்காலம் போய் இறங்கினேன், அதுதான் வித்தியாசம் போல. தெருவோரம் பிளாஸ்டிக் நாற்காலி, தட்டில் பாட் தாய் நூடுல்ஸ், பக்கத்து நாற்காலியில் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒருவர். அரை மணி நேரத்தில் சேர்ந்து பழைய தலைநகரான அயுத்தயா போகலாம் என்று பேசி முடித்துவிட்டோம். ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த தெரு அது. 1980களில் வீட்டு அறைகளை வெளிநாட்டு ஊர்சுற்றிகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்து இப்படி வளர்ந்தது. கையில் காசில்லாத தனி ஆளுக்கு முதல் நாளே நான்கு பேர் பழக்கமாவது இந்த மாதிரித் தெருவில்தான். அமைதி வேண்டுமென்றால் பத்து நிமிட நடையில் சாம்சென் பக்கம் போய்விடலாம், வாடகையும் ஏறக்குறைய அதேதான்.

கடைசி பஸ் (சென்னை)

மஞ்சள்பை, நீங்கள் எழுதியதில் எதையும் மறுக்கமாட்டேன். ஆனால் பாதிக்குத் தூக்கமின்மைதான் காரணம் என்று தோன்றுகிறது.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் யாரும் கவனிக்காத விஷயம் இது. சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம். மலிவு டிக்கெட் என்று தேடினால் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம்தான் கண்ணில் படும். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். ஏறி, கண்ணயர்ந்து, விழிப்பதற்குள் அங்கே விடிந்துவிடும். குளிக்க இடமில்லை, படுக்க இடமில்லை, மதியம் 2 மணி வரை பையோடு தெருவில் நிற்க வேண்டும். அந்த நிலையில் ஒருவரைக் கொண்டுபோய் எந்த ஊரில் இறக்கினாலும் அந்த ஊரைத் திட்டத்தான் செய்வார். முந்தின இரவுக்கும் சேர்த்து வாடகை கொடுத்து, காலை 7 மணிக்கே அறைக்குள் போய்ப் படுத்துவிடுங்கள். டார்மிட்டரி படுக்கை 300, 400 பாட்டுக்குள் கிடைக்கும் ஊர் அது. டாக்சிக்குக் கொடுத்த 600ஐ இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது, நீங்கள் முதல் நாள் முழுக்கச் சாலையிலேயே இருந்திருக்கிறீர்கள். பாங்காக்கில் எது மோசம் என்று கேட்டால் நான் சாலை என்றுதான் சொல்வேன். முதல் நாள் காரிலும் டுக்டுக்கிலும் சுற்றியவருக்கு அந்த ஊர் பிடித்துப் பார்த்ததில்லை. ரயிலிலும் படகிலும் சுற்றியவருக்குப் பிடிக்காமல் போயும் பார்த்ததில்லை.

சுவர்ணபூமியில் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் ரயில் நிற்கும். நகருக்குள் பயா தாய் நிலையம் வரை 45 பாட், ஏறக்குறைய அரை மணி நேரம். நெரிசலே கிடையாது என்று சொல்லமாட்டேன், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து வருவார்கள். ஆனால் அதுவே நல்லதுதான். சீருடைப் பள்ளிப் பிள்ளைகள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கும் அலுவலகப் பெண்கள் என்று அந்த ஊர்க்காரர்களோடு முதல் அரை மணி நேரம் போகும். அதே தளத்தில் ரயில் வாசலுக்குப் பக்கத்திலேயே பணம் மாற்றும் கடைகள் உண்டு, மேலே வருகைக் கூடத்தில் கிடைப்பதைவிட நல்ல விலை. ஏடிஎம்மில் மட்டும் எடுக்காதீர்கள். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள்.

காவோ சானுக்குத்தான் போக வேண்டும் என்றாலும் எஸ்1 பேருந்து இருக்கிறது, 60 பாட். தோன் முவாங் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு ஏ4, 50 பாட். இந்த எண்களை யாரும் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை, கோயில் படங்களைத்தான் போடுகிறார்கள்.

மஞ்சள்பை

அண்ணே, தூக்க விஷயம் சரி. ஆனால் ஊரை ரசிக்க ஒரு ராத்திரி வாடகை கூடுதலாகக் கொடு, சாலைப் பக்கமே போகாதே, இந்தத் தளத்தில் இறங்கு, அந்தப் பேருந்தில் ஏறு என்று இத்தனை நிபந்தனை இருந்தால் அது ‘ரொம்ப சுலபமான ஊர்’ ஆகுமா? என் கேள்வியே அதுதான்.

கடைசி பஸ்

சுலபம் என்று நான் எழுதியதில்லை. எழுதினவரைப் பிடித்துக் கேளுங்கள் 😄

படகு என்று சும்மா சொல்லிவிட்டுப் போனேன், விளக்குகிறேன். பாங்காக் ஒரு காலத்தில் கால்வாய்களாலான ஊர். நிறையக் கால்வாய்களைத் தூர்த்துச் சாலை போட்டார்கள். மிச்சமிருப்பதில் சேன் சேப் என்று ஒன்று, 1837இல் மூன்றாம் ராமா காலத்தில் கிழக்கே போருக்குப் படை கொண்டுபோக வெட்ட ஆரம்பித்தது. இன்று அதில் பயணிகள் படகு ஓடுகிறது. காவோ சானிலிருந்து கால் மணி நேர நடையில் பான் ஃபா பாலத்தடியில் ஏறலாம். கட்டணம் பத்து, இருபது பாட் கணக்குத்தான். படகு கரையில் கட்டப்படுவதற்கு முன்பே ஆட்கள் குதித்து ஏறுவார்கள், குதித்து இறங்குவார்கள். தண்ணீர் தெறிக்காமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு தார்ப்பாய், அதன் கயிற்றை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். அது எழுதாத சட்டம். நடத்துநர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படகின் வெளிவிளிம்பில் நடந்தே சீட்டுக் கொடுப்பார், பாலம் வரும்போது குனிவார். மேலே சாலையில் ஒரு மணி நேரம் நிற்கும் கூட்டத்துக்குக் கீழே நீங்கள் இருபது நிமிடத்துக்குள் ஹுவா சாங் பாலத்தில் இறங்கி எம்பிகே வணிக வளாகம் பக்கம் போய்விடலாம்.

தண்ணீர் கறுப்பு. நாற்றமும் உண்டு. அதை மறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், ஓரத்து இருக்கை வேண்டாம்.

பெரிய ஆற்றில், அதாவது சாவோ பிரயாவில், ஆரஞ்சுக் கொடிப் படகு. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட். துறையில் உங்களைப் பார்த்ததும் சுற்றுலாப் படகுக்குச் சீட்டுக் கிழிக்கப் பார்ப்பார்கள், நீலக் கொடி அது, விலை அதிகம். ‘ஆரஞ்சு’ என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். சாத்தோனில் ஏறி பிரா ஆதித் துறையில் இறங்கினால் காவோ சான் பக்கத்தில்தான். இருட்டினால் இந்தப் படகு நின்றுவிடும், அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனிவழி (திருச்சி)

பெண்ணாகத் தனியாகப் போய்வந்தவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன். எனக்கு முதலில் பிடித்தது என்ன தெரியுமா? யாரும் என்னைப் பார்க்கவில்லை. ராத்திரி 10 மணிக்கு ஒரு செவன் இலெவன் வாசல் திண்ணையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றேன், எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு அக்கா தனியாக வண்டிக்கடை போட்டுப் பன்றி இறைச்சிக் குச்சி சுட்டுக்கொண்டிருந்தார். சாலையில் பெண்கள் பெண்கள் பெண்கள். பேருந்து நடத்துநர் பெண், மோட்டார் பைக் டாக்சியில் ஓட்டுநர் பெண், காய்கறி மூட்டை இறக்குவதும் பெண்.

தொந்தரவு வந்தது ஒரே இடத்தில், அதுவும் தாய்லாந்துக்காரர்களிடமிருந்து வரவில்லை. நானா பக்கம் சுகும்வித் தெருவில் நம் நாட்டு ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ‘மேடம், இந்தியாவா? தனியாவா?’ என்று பின்னாலேயே வந்து கேட்டது அவர்கள்தான். நாட்டின் பெயரைச் சொல்லாமல் நடந்துவிட்டேன். அந்த ஏரியாவில் தங்க வேண்டாம் என்பது பெண்களுக்கு என் ஆலோசனை. ஆரி, விக்டரி மான்யுமென்ட் பக்கம் தங்கினேன். பிடிஎஸ் ரயில் வாசலிலேயே இருக்கும், சுற்றிலும் உள்ளூர்க்காரர்கள்தான்.

இன்னொன்று. மாலை சரியாக 6 மணிக்கு லும்பினி பூங்காவில் இருந்தேன். ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். முடிந்த மறுநொடி விட்ட இடத்திலிருந்து ஓட்டம். ரயில் நிலையங்களிலும் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இதே கதைதான். நீங்களும் நின்றுவிடுங்கள். அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டுக்குக்கூட எதுவும் பேச வேண்டாம், அங்கே அது ஜெயில் போகும் குற்றம்.

சைவப்பூனை (மதுரை)

எல்லாரும் குச்சியில் சுட்டதைப் பற்றியே பேசுகிறீர்கள். சுத்த சைவக்காரருக்கு முதல் நாள் என்ன வழி? அம்மாவையும் அழைத்துப்போகும் யோசனை இருக்கிறது. வெங்காயம், பூண்டு சாப்பிடுவார், முட்டை ஆகாது.

தனிவழி

சைவப்பூனை, கஷ்டம் இல்லை, ஆனால் ஏமாறாமல் இருக்கப் பழக வேண்டும். காய்கறி மட்டும் போட்ட தட்டைக் காட்டுவார்கள், அதிலேயே மீன் சாறு ஊற்றியிருக்கும். சோம் தம் என்கிற பப்பாளிக்காய்க் கலவையில் காய்ந்த இறால் சேர்ப்பார்கள். அதனால் ‘வெஜிடேரியன்’ என்று கேட்பதில் பயனில்லை. ‘ஜே’ என்று கேளுங்கள். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து எழுதிய கொடியைக் கடையில் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகலாம். சீன வழி வந்த சைவம் அது, முட்டை, பால், மீன் சாறு எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடப் போடமாட்டார்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் சைவத் திருவிழா நடக்கும் நாட்களில் போனால் சீனர் தெருவான யாவராத் முழுக்க மஞ்சள் கொடிதான். அம்மாவை அப்போது அழைத்துப்போங்கள். மழை இருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற கடைகளில் ‘மை சை நாம் ப்ளா’ என்று சொல்லிப்பாருங்கள், மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், பாதிப் பேர் மறந்துபோய் ஊற்றிவிடுவார்கள்.

நள்ளிரவு டீ

சைவமோ அசைவமோ, முதல் நாள் வண்டிக்கடை பயமாக இருந்தால் வணிக வளாகங்களின் ஃபுட் கோர்ட்டுக்குப் போங்கள். அசோக்கில் டெர்மினல் 21 மேல்மாடியில் பியர் 21 என்று ஒன்று. பணம் போட்டு ஒரு அட்டை வாங்கிக்கொண்டு கடை கடையாகச் சாப்பிடலாம், மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஏசியும் உண்டு, விலை தெருக்கடைக்கு ஏறக்குறைய சமம். எனக்கு அந்த மாதிரி இடம் ஒத்துவராது என்பது வேறு விஷயம்.

யாழ் பயணி (யாழ்ப்பாணம்)

மஞ்சள்பை அண்ணை, 500 பாட் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். உள்ளூர் ஆட்களுக்கு அந்த அரண்மனை இலவசம், வெளிநாட்டவருக்கு மட்டும்தான் கட்டணம். ஆனால் எங்களுடைய சிகிரியாவில் வெளிநாட்டவரிடம் 30 டொலருக்கு மேல் வாங்குகிறார்கள். உங்கள் தாஜ்மகாலில் வெள்ளைக்காரருக்கு 1,100 ரூபாய், உங்களுக்கு 50. நாங்கள் வீட்டில் செய்வதை அடுத்தவன் செய்தால் கோபம் வருகுதே?

மஞ்சள்பை

நல்ல கேள்வி. ஆனால் ஒன்று தெரியுமா? மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். தாய்லாந்துக்காரர் வந்தால் மட்டும் நம் 40 ரூபாய்தான், பிம்ஸ்டெக் என்கிற வங்கக்கடல் நாடுகளின் கூட்டமைப்பில் இருப்பதால். இலங்கைக்காரருக்கும் அப்படியே. நாம் அவர்களை வீட்டு ஆளாக நினைக்கிறோம், அவர்கள் நம்மை வெளியாளாக நினைக்கிறார்கள். என் கோபம் அந்தக் கணக்கில்தான்.

யாழ் பயணி

அது தெரியாத விஷயம், வென்றுவிட்டீர்கள் 😄 ஆனாலும் 500 கொடுத்து உள்ளே போனது வீண் என்று சொல்லமாட்டன். சுற்றுமதில் முழுக்க ராமகியன் ஓவியம், அவர்களுடைய ராமாயணம். அனுமாரைத் தேடிக்கொண்டே நடந்தால் ஒரு காலைப்பொழுது போயிடும். பெரும்பாலான ஆட்கள் பொற்கோபுரத்துக்கு முன்னால் படமெடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகினம்.

காசு மட்டுமட்டாக இருக்கிற ஆட்கள் முதல் நாள் அரண்மனையை விடலாம். வாட் போ கோயிலுக்கு 300 பாட், சயனப் புத்தர் அங்கேதான். ஆற்றைக் கடந்து வாட் அருணுக்கு 200, கடக்கிற படகுக்கு வெறும் 5. மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால் நுழைவுக்கே 1,000 பாட். ஒன்றை உள்ளே பார், இரண்டை வெளியே பார் என்பதுதான் எனது கணக்கு. வாட் அருண் அக்கரையிலிருந்து பார்க்கத்தான் வடிவு.

சைவப்பூனை

கோயில் பேச்சு வந்ததால் கேட்கிறேன். சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் உண்டா? அம்மா முதலில் அங்கேதான் போக வேண்டும் என்கிறார்.

கடைசி பஸ்

போயிருக்கிறேன். 1879 வாக்கில் நம் தமிழர்கள் கட்டியது. உள்ளூரில் வாட் கேக் என்றால்தான் தெரியும். நம் கோபுரம், நம் குருக்கள், ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். தேங்காய், பூமாலைத் தட்டோடு முட்டி போட்டு, நம்மைவிட அமைதியாகக் கும்பிடுவார்கள். உள்ளே படமெடுக்கக் கூடாது. விஜயதசமி ராத்திரி சீலோம் சாலையையே மூடி ஊர்வலம் விடுவார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அன்றைக்கு அந்தப் பக்கம் அறை எடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு இன்னொரு இடமும் பிடிக்கும். பெரிய சிவப்பு ஊஞ்சல் தூண்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அரச பிராமணர்களின் கோயில், தேவஸ்தான் என்று பெயர், 1784இல் கட்டியது. மார்கழியையொட்டி நடக்கும் சடங்கில் திருவெம்பாவை வழி வந்த பாடலை இன்றும் ஓதுகிறார்கள். சத்தம் போட்டுச் சொல்லும் பலகை எதுவும் இல்லை. சிறிய கோயில், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஆனால் சுற்றுலாப் புத்தகங்கள் அந்தப் பத்து நிமிடத்தைக்கூடத் தருவதில்லை.

நள்ளிரவு டீ

ராத்திரி வாழ்க்கை பற்றி யாருமே எழுதவில்லையே? பட்போங் பக்கம்...

நெறியாளர்

நள்ளிரவு டீ, அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்த்துவிடுகிறேன். அந்தத் தெருவில் லேமினேட் செய்த அட்டையைக் காட்டி மாடிக்கு அழைப்பவர்கள் பின்னால் போய், இறங்கும்போது சொன்னதைவிடப் பல மடங்கு பில் வந்தது என்று நிறையப் புகார்கள் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. அங்கே பழக்கமான யாராவது ‘சென்னையில் இந்தப் பார்சலை மட்டும் கொடுத்துவிடுங்கள்’ என்றாலும் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் கஞ்சா பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வருகிறது. ஈ-சிகரெட்டும் தாய்லாந்தில் சட்டவிரோதம், பையில் இருந்தாலே வம்பு.

ஈப்போக்காரன் (ஈப்போ, மலேசியா)

தம்பிகளா, நீங்கள் எல்லாம் வானத்திலிருந்து போய் விழுகிறீர்கள், அதனால்தான் அடி படுகிறது. நான் தரை வழியாகப் போகிறவன். ஈப்போவில் ரயில் ஏறி பாடாங் பெசார், அங்கேயே ஒரே நிலையத்தில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும். சாயங்காலம் தாய்லாந்து தூங்கும் வண்டி. இருட்டியதும் ஊழியர் வந்து இருக்கையை மடக்கிப் படுக்கை விரித்துக் கொடுப்பார். காலையில் பசியாறிவிட்டு ஜன்னலைப் பார்த்தால் வயல், தென்னை, அப்புறம் தகரக் கூரை வீடுகள், அப்புறம் மேம்பாலம். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக உங்களிடம் வரும். இறங்கும்போது நீங்கள் தூங்கி எழுந்த மனிதராக இருப்பீர்கள்!

ஒரு வருத்தம். முன்பு இந்த வண்டி 1916இல் திறந்த ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போகும். சீனர் தெருவுக்குப் பக்கம், வளைவுக் கூரை, தரையில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்கள். 2023 ஜனவரியில் தூர வண்டிகளை எல்லாம் குருங் தெப் அபிவாத் என்ற புது நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது விமான நிலையம் மாதிரி இருக்கிறது. சுத்தம், குளிர்ச்சி, ஒரு முகமும் இல்லை. கீழேயே எம்ஆர்டி சுரங்க ரயில் இருப்பதால் வசதி என்று இளையவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். பழைய நிலையம் இன்னும் மூடவில்லை, அயுத்தயா போகும் மூன்றாம் வகுப்பு வண்டி அங்கிருந்து கிளம்புகிறது, 20 பாட்டை ஒட்டித்தான் டிக்கெட். அதில் போய்ப்பாருங்கள். விசிறிதான், ஏசி இல்லை.

தனிவழி

ஐயா, விசிறி என்றதும் ஞாபகம் வந்தது. நகரத்தில் ஓடும் சிவப்புப் பேருந்தில் ஏறியிருக்கிறீர்களா? 8 பாட். ஜன்னலைத் திறந்துவிட்டு, மரப்பலகைத் தரையோடு ஓடும். நடத்துநர் நீளமான தகர உருளையை வைத்துக்கொண்டு டக் டக் என்று தட்டியபடியே வருவார், காசும் சீட்டும் அதற்குள்தான். எங்கே இறங்க வேண்டும் என்று போனில் தாய் எழுத்தில் காட்டினால் இடம் வந்ததும் தோளைத் தட்டிச் சொல்வார். நெரிசலில் மாட்டிக்கொண்டால் மட்டும் வியர்வைக் குளியல்தான்.

மஞ்சள்பை

சரி, படிக்கப் படிக்கக் கொஞ்சம் ஆசையும் வருகிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. நீங்கள் சொல்லும் எதுவும் முதல் முறை போகிறவன் கண்ணில் படாது. கண்ணில் படுவது டாக்சி, கோட்டுக் கடை, தேள். படகுத்துறையில் ஆங்கிலத்தில் பலகை இருந்தும் எந்தக் கொடி எந்தப் படகு என்று புரியாமல் நிறையப் பேர் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். சுற்றுலாக்காரனுக்கு ஒரு பாங்காக், உள்ளூர்க்காரனுக்கு ஒரு பாங்காக் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். முதலாவதை விலை கூட்டி விற்கிறார்கள்.

நள்ளிரவு டீ

எந்த ஊரில் அப்படி இல்லை சகோ? சென்ட்ரலில் இறங்கும் ஜப்பான்காரனிடம் நம் ஆட்டோக்காரர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். அங்கே டுக்டுக்கு மீட்டர் இல்லை, அதனால் கிராப், போல்ட் செயலியில் விலை பார்த்துவிட்டுப் பேசுங்கள். ‘20 பாட்டுக்கு ஊர் முழுக்கக் காட்டுகிறேன்’ என்றால் ஏறாதீர்கள். நகைக்கடை வாசலில்தான் இறக்குவார், கடைக்காரர் அவருக்கு பெட்ரோல் கூப்பன் கொடுப்பார். சாதா டாக்சிக்கு மீட்டர் 35 பாட்டில் ஆரம்பிக்கும், போடமாட்டேன் என்றால் இறங்கி அடுத்ததைப் பிடியுங்கள், சண்டை வேண்டாம். அங்கே குரலை உயர்த்தினவர் தோற்றவர்.

கடைசி பஸ்

மஞ்சள்பை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிரிவு இருக்கிறது. ஆனால் வேலி இல்லை. காவோ சானிலிருந்து பான் ஃபாவுக்கு நடக்கிற கால் மணி நேரம்தான் தூரம். என் கோபம் அந்த ஊர் மேல் இல்லை, நம்மைப் போல எழுதுகிறவர்கள் மேல். 500 பாட் அரண்மனைக்கு நாற்பது படம், 10 பாட் படகுக்கு ஒரு வரிகூட இல்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு: 2025 மே மாதத்திலிருந்து நுழைவு அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும், வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அது இலவசம். தேடினால் காசு கேட்கும் போலித் தளங்கள்தான் முதலில் வரும், குடிவரவுத் துறையின் அரசுத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று ஆக்கியபின் விதியை மாற்றியிருக்கிறார்கள், இனியும் மாற்றலாம். டிக்கெட் போடுமுன் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள்.

யாழ் பயணி

ஈப்போ ஐயா, காஞ்சனபுரிக்கு நீங்கள் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறன். பாங்கொக்கிலிருந்து ஒரே நாளில் போய்வரலாமோ? எந்த நிலையம்?

ஈப்போக்காரன்

போயிருக்கிறேன் தம்பி. எங்கள் பக்கம் தோட்டத்துத் தமிழர் குடும்பங்களில் அந்தப் பெயரைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1942, 43இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை அது, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆள் ஆளாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு ஊர் நடுவில் அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பெரும்பாலான கற்களில் பெயர். நம் ஆட்களுக்கு அப்படி வரிசை வரிசையாகப் பெயர்க்கற்கள் கிடையாது.

வழி கேட்டீர்கள். புது நிலையம் வேண்டாம், ஹுவா லம்போங்கும் வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோன்புரி நிலையம், சிரிராஜ் மருத்துவமனைக்குப் பக்கம். வெளிநாட்டவருக்கு 100 பாட், மூன்றாம் வகுப்பு மட்டும்தான். காலை வண்டி 8 மணிக்குச் சற்று முன்னால் கிளம்பும், அதை விட்டால் அடுத்தது மதியத்துக்கு மேல்தான், ஒரே நாளில் திரும்ப முடியாது. காஞ்சனபுரியோடு இறங்கிவிடாமல் கடைசி நிலையமான நாம் தோக் வரை போங்கள், பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் முக்கியம். போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்துபோகும் இடம் அந்தப் பக்கம்தான் வரும்.

கடைசி பஸ்

ஒரு சேர்க்கை: காவோ சான், பிரா ஆதித் பக்கம் தங்கியிருந்தால் காலையில் ஆரஞ்சுக் கொடிப் படகிலேயே சிரிராஜ் பக்கத்துத் துறைக்குப் போய்விடலாம். அங்கிருந்து நிலையத்துக்கு நடக்கலாம், பையோடு இருந்தால் மோட்டார் பைக் டாக்சி பிடியுங்கள். துறையிலிருந்து வரும் வழியிலேயே காலைச் சந்தை, ஒட்டரிசியும் வறுத்த கோழியும் பொட்டலமாகக் கிடைக்கும். வண்டிக்குள்ளும் விற்றுக்கொண்டு வருவார்கள், ஆனால் சைவப்பூனையின் அம்மாவுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொள்வதுதான் உத்தமம்.